திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளைப் பதப்படுத்தி நடும் முறை

வாழைச் சாகுபடி செய்யும் மிராசுதார்களும் குடியானவர்களும் இக்காலத்தில் பக்கக் கன்றுகளுக்குப் பதிலாகத் திசு வளர்ப்புக் கன்றுகளை விரும்பி வாங்கி நடுகின்றனர். கன்றுகள் யாவும் ஒரே வயதும் ஒரே வளர்ச்சியும் உடையனவாயிருத்தல், தார்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெட்டுக்கு வருதல், கிழங்கோடு கூன்வண்டும் நூற்புழுவும் தோட்டத்துக்குள் வந்து சேராமை ஆகியவை இம்முறையின் நன்மைகளாம். ஆயினும், “ஐயா, நல்ல விலை கொடுத்து வாங்கி நட்ட கன்றில் பாதி ஒரு மாதத்துக்குள் கருகிவிட்டது, இந்தத் திசுக் கன்றே நம் மண்ணுக்கு ஆகாது போலும்” என்று முறையிடுவோரும் இல்லாமலில்லை. இம்முறையீட்டை விசாரித்துப் பார்க்குங்கால், பெரும்பாலான இடங்களில் குற்றம் ரகத்திலும் இல்லை, மண்ணிலும் இல்லை என்பது புலனாகும். சோதனைச் சாலையின் நிழலிலும் ஈரத்திலும் பிறந்த கன்றை, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்காமல் வயலில் இறக்கியதே குற்றமாம். அவ்வாறு பழக்குதலையே பதப்படுத்துதல் என்கிறோம். அதன் காரணத்தையும் முறையையும் விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

திசு வளர்ப்பாவது யாது?

தாவரத்தின் ஒரு சிறு துண்டை எடுத்து, கிருமி அண்டாத கண்ணாடி ஜாடியில் வேண்டிய உணவிட்டு, முழுச் செடியாக வளர்த்தெடுப்பதே திசு வளர்ப்பு எனப்படும். தாவரத்தின் தனி அணுவறையைச் செடியினின்றும் பிரித்து வளர்த்தல் கூடும் என்னும் கருத்தை 1902-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டுத் தாவர சாஸ்திரி காட்லீப் ஹேபர்லாண்ட் வெளியிட்டார். 1957-இல் ஸ்கூக், மில்லர் என்னும் இருவர், ஸைட்டோகைனின் என்னும் ஊக்கி மிகுந்தால் குருத்தும், ஆக்ஸின் என்னும் ஊக்கி மிகுந்தால் வேரும் உண்டாகும் என்று காட்டினர். 1962-இல் முராஷிகே, ஸ்கூக் ஆகியோர் வகுத்த உப்புக் கலவையே இன்றும் பெரும்பாலான சோதனைச் சாலைகளில் அடிப்படை உணவாக வழங்கி வருகிறது.

வாழையில் இதனைச் செய்யும் விதமாவது: நோயற்ற தாய் மரத்தின் ஈட்டிக் கன்றைத் தோண்டியெடுத்து, மேலுறைகளை ஒவ்வொன்றாக நீக்கி, நடுவிலுள்ள முனைக்குருத்தைச் சிறு துண்டாக வெட்டுவர். அத்துண்டைக் கிருமி நாசினியில் நனைத்துக் கழுவி, உணவுள்ள ஜாடியில் வைப்பர். அவ்வுணவில் தாது உப்புக்களும், வைட்டமின்களும், லிட்டருக்குச் சுமார் 30 கிராம் சர்க்கரையும், குருத்து ஊக்கியும், கடற்பாசியினின்று எடுக்கும் அகர் என்னும் கூழும் சேர்ந்திருக்கும். இவ்வுணவைச் சதுர அங்குலத்துக்கு 15 ராத்தல் நீராவி அழுத்தத்தில், 121 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் வைத்துக் கிருமிகளை அழித்த பின்னரே உபயோகிப்பர். ஜாடிகள் இருக்கும் அறை சுமார் 25 டிகிரி உஷ்ணத்திலும், நாளொன்றுக்கு 16 மணி நேர விளக்கு வெளிச்சத்திலும் வைக்கப்படும். ஒரு குருத்து பலவாகப் பெருகும். அவற்றைப் பிரித்து மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை புதிய உணவுக்கு மாற்றுவர். இறுதியில் வேர்விடும் உணவுக்கு மாற்ற, சிறு கன்றுகள் வேருடன் தயாராகும்.

இவ்வாறு பெருக்கும் சுற்றுக்கள் வரம்பின்றிப் போகக் கூடாது. வாழையில் எட்டுச் சுற்றுக்கு மேற்படாதிருத்தல் நலம். மேற்பட்டால் தாயின் குணத்தினின்றும் வேறுபட்ட கன்றுகள் மிகுதியாகத் தோன்றும். ஜி-9, ரொபஸ்டா முதலிய ரகங்களில் இவ்வேறுபாடு பெரும்பாலும் குட்டை வடிவமாக வெளிப்படும். இலையில் வெளிறிய திட்டுக்கள், இலை குறுகித் தடித்தல் ஆகியவையும் காணலாம்.

இம்முறையின் தேவை

நம் நாட்டு வாழைக்குப் பெரும் பகையாயிருப்பது முடிக்கொத்து நோய். இலங்கையில் 1913-இல் காணப்பட்ட இந்நோய், 1940-ஆம் ஆண்டை ஒட்டிக் கேரள நாட்டினுள் புகுந்து, பின்னர் நம் பக்கமும் பரவிற்று. வைரஸ் என்னும் நுண்கிருமியே இதற்குக் காரணம். வாழை அசுவினி அதனை மரத்துக்கு மரம் கொண்டு செல்லும். ஆனால் தூர தேசங்களுக்கு அதனைக் கொண்டு செல்பவன் மனிதனே. நோயுள்ள பக்கக் கன்றை வண்டியேற்றி அனுப்புவதால் அது ஊர் விட்டு ஊர் போகிறது. பழனிக் கீழ்மலையில் புகழ்பெற்று விளங்கிய விருப்பாட்சி மலைவாழைத் தோட்டங்கள் இந்நோயினால் பெரும்பாலும் அழிந்தன. பின்னர், வைரஸ் அற்றவையென்று பரீக்ஷித்த தாய் மரங்களிலிருந்து திசு வளர்ப்பு மூலம் கன்று பெருக்கி அத்தோட்டங்களை மீட்கும் முயற்சி நடந்தது.

இங்கு ஒரு விஷயத்தை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். ஜாடியில் வளர்ந்தது என்பதனாலேயே கன்று வைரஸ் அற்றது ஆகிவிடாது. பாக்டீரியாவும் பூஞ்சையும் ஜாடியின் உணவில் வெளிப்பட்டுத் தம்மைக் காட்டிக்கொடுக்கும், வைரஸ் காட்டிக்கொடுக்காது. நோயுள்ள ஒரு தாய்க் கன்றை ஜாடியில் வைத்தால், நோயுள்ள நூற்றுக்கணக்கான கன்றுகள் வெளிவரும். ஆகவே தாயைப் பரீக்ஷிக்காத சோதனைச் சாலையின் கன்று, பக்கக் கன்றைக் காட்டிலும் பொல்லாதது. பக்கக் கன்று ஒரு குழியைக் கெடுக்கும்; இதுவோ ஒரு தாலுகாவையே கெடுக்க வல்லது.

ஜாடிக்குள் கன்றின் நிலை

கன்று ஏன் வெயிலில் கருகுகிறது என்பதை அறிய, அது பிறந்த இடத்தின் தன்மையை அறிதல் வேண்டும்.

முதலாவது, ஈரம். மூடிய ஜாடிக்குள் காற்று எப்பொழுதும் ஈரம் நிறைந்தே இருக்கும். ஆகையால் இலையின் மேல் படிய வேண்டிய மெழுகுப் படலம் மிக மெல்லியதாகவே உண்டாகிறது. இலைத்துளைகளும் மூடிப் பழகுவதில்லை. வயல் வாழை நடுப்பகலில் துளைகளை மூடித் தன் நீரைக் காத்துக்கொள்ளும். ஜாடிக் கன்றோ திறந்த வாசலோடு நிற்கும் வீட்டை ஒக்கும்.

இரண்டாவது, உணவு. கூழிலுள்ள சர்க்கரையை உண்டே அது வளர்கிறது. வெளிச்சமும் மந்தமானது. எனவே இலைகள் தாமே உணவு சமைக்கும் தொழிலைச் சரிவரக் கற்றுக்கொள்வதில்லை. தாய்ப்பாலை மறவாத குழந்தையைப் போன்ற நிலை என்று சொல்லலாம்.

மூன்றாவது, வேர். கூழில் விட்ட வேர்களில் தூவிகள் குறைவு. மண்ணினின்றும் நீரை உறிஞ்சும் வலிமை அவற்றிற்குப் போதாது.

நான்காவது, உஷ்ணம். ஜாடியிருக்கும் அறையின் உஷ்ணம் மாறுவதில்லை. நம் கோடை வயலிலோ பகல் வேளையில் 38 டிகிரியும் அதற்கு மேலும் ஏறும். 38 டிகிரியில் வளர்ந்த வாழையே வளர்ச்சி நின்று தவிக்கும்போது, சிறு கன்றின் கதி என்னாகும்?

இவற்றினின்று பெறப்படும் உண்மை யாதெனில், ஜாடியில் பிறந்த இலை வெயிலை அறியாது. பெரும்பாலும் அது சில வாரங்களில் உதிர்ந்து விடும். ஜாடியை விட்டு வெளிவந்த பின் பிறக்கும் புதிய இலையும் புதிய வேருமே கன்றைக் காக்க வல்லவை. பதப்படுத்துதல் என்பது, பழைய இலை உதிர்வதற்குள் புதிய இலை பிறக்க அவகாசம் கொடுத்தலேயன்றி வேறன்று.

துன்பமும் பழக்கமும்

பயிருக்கு வறட்சி, உஷ்ணம், குளிர், உவர் ஆகிய துன்பங்கள் நேருங்கால், அது வாளாவிருப்பதில்லை. இலைத்துளைகளை மூடுகிறது. அணுவறைகளுக்குள் புரோலின் முதலிய பொருள்களைச் சேர்த்து நீரைப் பிடித்து வைக்கிறது. துன்ப காலத்தில் உண்டாகும் தீய பிராணவாயுப் பொருள்களை அடக்கவல்ல நொதிகளைப் பெருக்குகிறது. ஆயின் இவ்வேற்பாடுகளுக்கு அவகாசம் வேண்டும். துன்பம் சிறிது சிறிதாக வந்தால் பயிர் பழகும். ஒரே நாளில் வந்தால் மாளும்.

இதனைச் சோதனைச் சாலையிலேயே ஆராய்கின்றனர். ஜாடி உணவில் சமையல் உப்பைப் படிப்படியாகச் சேர்த்து, எந்த ரகம் எவ்வளவு உவரைத் தாங்கும் என்று பார்ப்பர். பாலி எதிலீன் கிளைக்கால், மானிட்டால், சார்பிட்டால் முதலிய பொருள்களைச் சேர்த்தால் கூழில் நீர் இருந்தும் வேருக்கு அது எளிதில் கிட்டாது. இதனால் ஜாடிக்குள்ளேயே வறட்சியை உண்டாக்கலாம். வயலில் பல பருவங்கள் காத்திருந்து அறிய வேண்டியதை இவ்வாறு சில வாரங்களில் ஓரளவு அறியலாம். ஓரளவு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஜாடியில் தாங்கிய கன்று வயலிலும் தாங்கும் என்பது நிச்சயமன்று. அப்போதைக்கு ஏற்பட்ட பழக்கமாகவும் அது இருக்கலாம். ஆதலால் வயற் பரீக்ஷை முடிந்த பின்னரே ஒரு ரகத்தை நம்ப வேண்டும். “ஜாடியிலேயே வெயிலுக்குப் பழக்கிய கன்று” என்று வியாபாரி சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கொடுத்தல் தகாது.

வயற் பரீக்ஷையின் பெருமைக்குத் தைவான் தீவின் அனுபவம் சான்றாகும். அங்கே வாழையின் வாடல் நோய் மண்ணில் வேரூன்றித் தோட்டங்களை அழித்து வந்தது. 1980-களில் திசு வளர்ப்புக் கன்றுகளை ஏராளமாக நட்டபோது, அவற்றில் இயல்பாக ஏற்பட்ட வேறுபாடுகளை ஆராய்ச்சியாளர் கவனித்தனர். நோயுள்ள நிலத்திலேயே அவற்றை நட்டுப் பல பருவம் பார்த்து, நோயைப் பெரிதும் தாங்கும் சில வகைகளைத் தேர்ந்தெடுத்தனர். மற்ற இடங்களில் குற்றமாகக் கருதும் வேறுபாடே அங்கு நன்மையாயிற்று. ஆனால் அந்நன்மை ஜாடியில் தெரியவில்லை. நோயுள்ள வயலிலேயே தெரிந்தது.

நம் ரகங்களிலும் தாங்கும் சக்தி ஒரே மாதிரியன்று. பயிரிடும் வாழை ரகங்களிற் பெரும்பாலானவை இரண்டு காட்டு வாழைகளின் வழிவந்தவை. அவற்றின் பங்கைக் கொண்டு ரகங்களை வகுக்கும் முறையை 1955-இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்னும் இருவர் ஏற்படுத்தினர். அவ்விரண்டில் மூசா பால்பிசியானா வழியின் பங்கு மிகுந்த கற்பூரவல்லி, மொந்தன் போன்றவை வறட்சியைப் பெரிதும் தாங்கும். அப்பங்கு இல்லாத ஜி-9, ரொபஸ்டா போன்றவை நல்ல நீரும் நல்ல மண்ணும் வேண்டுவன. ஆகவே உவர்க் கிணற்றை நம்பி ஜி-9 நடுவோர், முதலில் கிணற்று நீரை மண் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி அறிந்துகொள்ளல் வேண்டும். வாழை உவரைத் தாங்காத பயிர். இலையோரம் கருகுதலே அதன் முதல் அடையாளம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பூவன் முதலிய சில ரகங்களில் கோட்டு நோய் என்னும் வைரஸ் நோய் காணப்படுகிறது. இலையில் மஞ்சட் கோடுகள் தோன்றிப் பின் கருமையாகும். மூசா பால்பிசியானா வழியில் வந்த சில வகைகளில் இவ்வைரஸின் வித்து மரபுப் பொருளுக்குள்ளேயே உறங்கிக் கிடப்பதாகவும், திசு வளர்ப்பு, உஷ்ண மாறுதல் முதலிய துன்பங்களால் அது விழித்தெழக்கூடும் என்றும் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. எனவே துன்பத்துக்குப் பழக்குதல் வேறு, துன்புறுத்துதல் வேறு என்பதை மறத்தலாகாது.

ஓர் அனுபவம்

நிற்க. என் சரகத்தில் நடந்த ஒரு சம்பவத்தைக் கூறுதல் பயன்தரும் என நம்புகிறேன். நெல்லே பயிரிட்டுவந்த ஒரு குடியானவர், கடன் வாங்கி ஓர் ஏக்கர் வாழை வைக்க எண்ணி என்னிடம் வந்து, “ஐயா, ஜி-9 வைக்கலாமா?” என்று கேட்டார். “நல்ல ரகந்தான், வையுங்கள்” என்றேன். கன்றை எங்கே வாங்குகிறார், எந்நிலையில் வாங்குகிறார் என்று நான் கேட்கவில்லை. அது என் பிழை.

அவர் விலை மலிவு கருதி, குழித்தட்டிலிருந்த சிறு கன்றுகளையே ஒரு வியாபாரியிடம் வாங்கிவந்து, பங்குனிக் கடைசியில் பகல் வேளையில் நட்டார். ஒரு வாரத்தில் இலைகள் வெளுத்து ஓரம் கருகின. தண்ணீர் போதவில்லை என்று எண்ணித் தினமும் பாய்ச்சினார். அதனால் பல கன்றுகள் அடியில் அழுகின. ஒரு மாதத்தில் தோட்டத்தில் பாதிக் குழிகள் வெறுமையாயின. அவற்றில் மறுபடி கன்று வாங்கி நட்டார். அதன் பயனாகத் தோட்டம் மேடும் பள்ளமுமாக வளர்ந்து, தார்கள் பல மாதங்களில் சிறிது சிறிதாக வெட்டுக்கு வந்தன. மொத்தமாகக் கொள்வாரின்றிக் கிடைத்த விலைக்கு விற்க நேர்ந்தது.

அவர் வரப்புக்கு அப்பால் உள்ள நிலத்துக்காரரோ அதே ரகத்தை, பையில் வளர்ந்த கன்றாக வாங்கினார். வாங்கியதும் நடாமல், தென்னையின் அரை நிழலில் பதினைந்து நாள் வைத்திருந்தார். முதலில் தினமும், பின்னர் ஒருநாள் விட்டும் நீர் தெளித்தார். ஒவ்வொரு வரிசையாக வெயில் படும் பக்கம் நகர்த்தினார். பிறகு மாலை நேரத்தில் நட்டார். அதே வெயில், அதே கிணற்று நீர். பட்டுப்போன கன்றுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல்வர் அத்தோட்டத்தை வரப்பில் நின்று பார்த்து, “என் பணத்தை வெயில் கொண்டுபோயிற்று” என்றார். உண்மையில் வெயில் கொண்டுபோகவில்லை. பதினைந்து நாள் அவசரம் கொண்டுபோயிற்று. அது முதல், என்னிடம் ரகம் கேட்க வருவோரிடம் கன்றைக் கண்ணால் பார்க்காமல் நான் விடை சொல்வதில்லை.

பதப்படுத்தும் இரு நிலைகள்

முதல் நிலை: ஜாடியினின்றும் எடுத்த கன்றின் வேரில் ஒட்டியுள்ள கூழை நன்றாகக் கழுவ வேண்டும். கூழிலுள்ள சர்க்கரை பூஞ்சைக்கு விருந்தாகும். பின்னர்ப் பூஞ்சைக் கொல்லிக் கரைசலில் நனைத்து, மக்கிய தென்னை நார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் நடுவர். முதல் நாட்களில் பனிபோன்ற தெளிப்பினால் காற்றின் ஈரம் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் இருக்கும்படி காப்பர். நான்கு முதல் ஆறு வாரங்களில் இவ்வீரத்தைப் படிப்படியாகக் குறைத்து, வெளிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டுவர். இது சோதனைச் சாலையார் தம் பசுங்குடிலில் செய்ய வேண்டிய வேலை. குடியானவர் வீட்டில் செய்யத்தக்கதன்று.

இரண்டாம் நிலை: செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் இம்மூன்றையும் சமபாகம் கலந்து நிரப்பிய பாலித்தீன் பையில் கன்றை மாற்றி, பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலையின் கீழ் ஆறு முதல் எட்டு வாரம் வளர்ப்பர். கடைசி இரண்டு வாரங்களில் நிழலைச் சிறிது சிறிதாக நீக்கி, நீரையும் சற்றே குறைக்க வேண்டும். இலை வாடுமளவு குறைத்தலாகாது. இந்நிலையைக் குடியானவர்கள் தாமே செய்யலாம். பல ஊரார் கூடி ஒரு பொது நிழல்வலைக் கொட்டகை அமைத்துக்கொண்டால் செலவு குறையும். கன்றுக்கும் அவ்வூர்க் காற்றும் வெயிலும் முன்னமே பழகிவிடும்.

கன்று வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

1. கன்று பையில் வளர்ந்ததாய், சுமார் 30 சென்டிமீட்டர், அதாவது ஓரடி உயரமும், ஐந்து அல்லது ஆறு விரிந்த இலைகளும் உடையதாய் இருத்தல் வேண்டும்.

2. இலை கரும்பச்சையாய், தடவினால் சற்றுத் தடித்து இருக்க வேண்டும். கண்ணாடிபோல் பளபளத்து நீர்கோத்த இலை பதப்படாத கன்றின் அடையாளம்.

3. ஒன்றிரண்டு பைகளைக் கிழித்து வேரைப் பார்க்கலாம். வெண்மையான புது வேர்கள் மண்ணைக் கவ்வியிருக்க வேண்டும். வேர் கறுத்திருப்பினும், முடிச்சுக்கள் காணப்படினும் அத்தொகுதியை விலக்குக.

4. குட்டையாய் இலைகள் நெருங்கியவை, இலையில் திட்டு அல்லது கோடு உடையவை, குருத்து கொத்தாக நிற்பவை ஆகியவற்றைத் தனியே பொறுக்கித் தள்ளுக.

5. சான்றுச் சீட்டைக் கேட்டுப் பெறுக. மத்திய அரசாங்கத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையார், 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின்கீழ்த் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையை 2006-ஆம் ஆண்டில் ஏற்படுத்தினர். அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலைகளின் கன்றுகள் வைரஸ் அற்றவையா, தாயின் மரபு மாறாதவையா என்று பரீக்ஷிக்கப்பட்டுச் சான்று பெறும். சீட்டையும் வாங்கிய ரசீதையும் தார் வெட்டும் வரை பத்திரப்படுத்துக.

நடவும் முதல் மாதங்களும்

கடுங்கோடையையும் கடுங்குளிரையும் தவிர்த்து நடுக. ஒன்றரை அடி நீள அகல ஆழமுள்ள குழியெடுத்துச் சில நாள் ஆறவிட்டு, மேல்மண்ணுடன் மக்கிய தொழுவுரம் பத்துக் கிலோவும், வேப்பம் பிண்ணாக்குக் கால் கிலோவும் கலந்து நிரப்புக. ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 கன்று பிடிக்கும். பத்துக்கு ஒன்று பட்டுப்போனாலும் 121 தார் குறையும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், பதினைந்து நாள் காத்திருத்தல் பெரிதாகத் தோன்றாது.

நடும்போது பையைக் கத்தியால் கிழித்து, மண்கட்டி உடையாமல் கன்றை எடுத்தல் வேண்டும். பையில் மண் எம்மட்டம் இருந்ததோ அம்மட்டமே குழியிலும் இருக்கட்டும், தண்டைப் புதைத்தலாகாது. வெயில் தாழ்ந்த பின் நட்டு உடனே நீர் விடுக. முதல் சில நாட்கள் பனையோலை அல்லது தென்னையோலையை மேற்கே சாய்த்து நட்டு, பிற்பகல் வெயிலை மறைப்பது நல்லது. நீரைச் சிறு அளவாக அடிக்கடி விடுவதே முறை, தேக்குவது கேடு. உரத்தையும் சிறு அளவாகப் பல தவணையில் இடுக. கன்றின் கிழங்கு சிறியது. பக்கக் கன்றைப்போல் கையிருப்பு உணவு அதற்கு இல்லை.

முதல் சில மாதங்களில் திசுக் கன்று தேமல் நோய்க்கு எளிதில் இலக்காகும். அசுவினிகளே இந்நோயையும் பரப்புவன. ஆகையால் அக்காலத்தில் ஊடுபயிராக வெள்ளரி, பூசணி, தக்காளி, மிளகாய் இவற்றைப் பயிரிடலாகாது. கானாவாழை முதலிய களைகளை வரப்பிலும் விடாது பிடுங்குக. ஊடே சணப்பை விதைத்துப் பூக்குமுன் மடக்கி உழுதால் தரை குளிரும். பசுந்தழை உரமும் கிடைக்கும்.

இன்னும் ஒன்று. நோயற்ற கன்று என்பது நோய் வராத கன்று என்று பொருள்படாது. மண்ணில் வாடல் நோயோ நூற்புழுவோ முன்னமே இருப்பின், பரிசுத்தமான இக்கன்றும் அதற்கு இரையாகும். அவ்வாறான நிலத்தில் நெல் முதலிய பயிரிட்டு மாற்றுப் பயிர் முறையைக் கைக்கொண்ட பின்னரே வாழைக்குத் திரும்ப வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

ஒருவர் தோட்டத்தில் விடும் முடிக்கொத்து மரம், ஊரார் தோட்டம் யாவற்றுக்கும் நோய்க் களஞ்சியமாகும். கைவிடப்பட்ட வாழைத் தோட்டங்கள், வாய்க்கால் ஓரத்தில் தாமே முளைத்து நிற்கும் வாழைகள் ஆகியவற்றைக் கிராம அதிகாரிகள் கண்டறிந்து, நிலத்துக்காரருக்கு எடுத்துச் சொல்லி அகற்றச் செய்தால் பேருதவியாகும். நோயுற்ற மரத்தை முதலில் மருந்து தெளித்து அசுவினியை அழித்த பின்னரே கிழங்கோடு தோண்டியெடுக்க வேண்டும். இல்லையேல் அசுவினி அடுத்த மரத்துக்கு ஓடிவிடும். சீட்டில்லாத கன்றுகளை வண்டிகளில் கொண்டுவந்து விற்போர் ஊருக்குள் வந்தால், தோட்டக்கலை அதிகாரிகளுக்குத் தெரிவித்தல் நலம். திருச்சிராப்பள்ளியில் 1993-இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி நிலையம் நம் மாகாணத்திலேயே இருப்பது நம் பாக்கியம். சந்தேகமுள்ளோர் அங்கும், அருகிலுள்ள தோட்டக்கலை அலுவலகத்திலும் ஆலோசனை பெறலாம்.

முடிவு

வாழையடி வாழை என்று நம் முன்னோர் வாழ்த்தினர். அடியில் நின்ற கன்று தாயின் நிழலிலேயே வெயிலைப் பழகிற்று. யாரும் அதற்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஜாடிக் கன்றுக்கோ தாயும் இல்லை, நிழலும் இல்லை. அவ்விரண்டின் ஸ்தானத்தையும் நாமே ஏற்க வேண்டியிருக்கிறது. தாயைப் பரீக்ஷித்த இடத்தில் வாங்குக; வெளியில் இலை பிறந்த கன்றையே வாங்குக; வாங்கிய பின்னும் பதினைந்து நாள் அரை நிழலில் வைத்திருந்து நடுக. இம்மூன்றையும் கடைப்பிடிப்போர் தோட்டத்தில் வெறுங்குழிகள் குறைந்து, தார்கள் ஒருமிக்க வெட்டுக்கு வரும் என்பதில் ஐயமில்லை.